இசட் எழுபத்திரண்டு புள்ளி மூன்று

ஐந்து ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்
மூன்றாம் மாடியில் என் வேலை.
கடல் தாண்டி யார் யாருக்கோ வரும் நோய்களுக்கு
எண் போடுவது.
இ பதினொன்று என்றால் சர்க்கரை,
எம் ஐம்பத்து நான்கு முதுகுவலி.
ஓஹையோவில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால்
விழுந்தது தோட்டத்திலா கார் ஷெட்டிலா
அதற்கும் எண் உண்டு.
ஒன்பது மணிநேரம், நூற்றிருபது சார்ட்.
அசைவது வலது கை மட்டும்,
அதிலும் இரண்டு விரல்.

பதினோரு வருஷத்தில் இந்த நாற்காலி
என்னை மனப்பாடம் செய்துவிட்டது.
நான் லீவு போட்ட நாளில் உட்கார்ந்து பார்த்த
பக்கத்து சீட் ஜெசிந்தா சொன்னாள்:
"யாரோ மடியில உக்காந்த மாதிரி இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன்.
குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள்.
நானும் குந்திக்கொண்டுதான் பார்க்கிறேன்,
குன்று அப்படியே இருக்கிறது.

மாலையில் ஷூவைக் கழற்றினால்
சாக்ஸின் விளிம்பு காலில் ஒரு வளையமாக.
வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர்;
எனக்குச் சதையிலேயே செய்து
பூட்டியிருக்கிறது.
விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது.
அது மேலே எழும்பி வர
எட்டு வரை எண்ண வேண்டியிருந்தது.
ஆர் அறுபது, என்றேன் எனக்கே.
தொழில் தோஷம்.

அஸ்தம்பட்டி டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு.
"சர்க்கரை இன்னும் வரல. வாசல் வரைக்கும் வந்திருக்கு."
வந்ததை உட்காரச் சொல்லிவிடாதே என்பதுபோல் ஒரு பார்வை.
"என்ன வேலை?"
"உக்கார்ற வேலை."
காலையிலிருந்து எழுபது பேரைப் பார்த்தவர்,
அவரும் எழுந்திருக்கவில்லை.
இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

"காந்தி ஸ்டேடியத்துல தினம் அரை மணி நடக்கிறேனே டாக்டர்?"
"நல்லது. விட்டுடாதீங்க.
மீதி நாள் என்ன பண்றீங்க?
கெண்டைக்கால் இருக்கே, அது ரத்தத்தை மேலே தள்ளுற பம்பு.
நீங்க ஸ்விட்சை அணைச்சுட்டு
மோட்டார் ரிப்பேர்னு வந்திருக்கீங்க."

தமிழும் என் கட்சிதான் போலிருக்கிறது.
'இரு' என்றால் உட்கார்,
'இரு' என்றால் உயிரோடிரு.
எப்படி இருக்கே என்று அக்கா போனில் கேட்கிறாள்,
இருந்தபடியே இருக்கேன் என்கிறேன்.
அவள் அதை நகைச்சுவை என்று நினைத்து
வேறு பேச்சுக்குப் போகிறாள்.

நேற்று மதியம் வந்த சார்ட்:
பெண். நாற்பத்தொன்று. மேசை வேலை.
கால் வீக்கம், இடுப்பில் பிடிப்பு,
மாடி ஏறினால் மூச்சு.
ஊர் மட்டும் வேறு.
கடைசி வரியில், போகிற போக்கில்,
அங்கே ஒரு டாக்டர் எழுதியிருந்தார்: உடலசைவு போதாது.
இசட் எழுபத்திரண்டு புள்ளி மூன்று.
அந்த எண்ணுக்குப் பெரிதாய்க் காசு வராது,
அவசரத்தில் பலர் விட்டுவிடுவார்கள்.
நான் அடித்தேன்.
அடித்துவிட்டு எழுந்து நின்றேன்.

முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.
வரிசை முழுக்கத் தலை திரும்பியது.
"என்னங்க மேடம், கிளம்பிட்டீங்களா?" டீம் லீடர் திருமாறன்.
"இல்ல."
"டீயா?"
"இல்ல. சும்மா நிக்கிறேன்."
சும்மா நிற்பதற்கு அவரிடம் எண் இல்லை.

ஐந்து நிமிஷம் விசை தட்டாவிட்டால்
திரையின் மூலையில் சிவப்பு விளக்கு வரும்:
'செயலற்ற நிலை.'
அதாவது நாள் முழுக்கக் கல்லாய் இருந்தால் பச்சை,
எழுந்து நாலு எட்டு வைத்தால்
அசைவில்லை என்று பதிவாகும்.

ஜன்னல் வரை பதினேழு அடி.
எண்ணிக்கொண்டே போனேன்.
மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது,
ஏற்காடு பஸ் ஒன்று ஏதோ ஒரு கொண்டை ஊசியில்
விளக்கைத் திருப்பி
மறைந்தது, கொஞ்சம் மேலே
மறுபடி வந்தது.
குதிகாலைத் தூக்கி இறக்கினேன். பத்து தடவை.
கெண்டைக்காலில் ஏதோ எறும்பு ஊர்ந்தது,
பழைய குழாயில் தண்ணீர் வருமுன் வருமே
அந்த இருமல் போல.

திரும்பிப் பார்த்தேன்.
என் திரையில் சிவப்பு.
ஜெசிந்தாவின் திரையிலும்.